அந்தஸ்தாக ஆங்கிலம் பேச ஒரு கையேடு

பணம் சேர்த்து அந்தஸ்து அடையலாம், நாளாகும். படித்து அடையலாம்; மண்டை வேண்டும். பரம்பரையாக வர வேண்டுமென்றால் அதற்கான கெடு பிறக்கும்போதே முடிந்துவிட்டது. இந்த மூன்றுக்கும் கொடுத்துவைக்காதவர்களுக்கு வெள்ளைக்காரன் போகிற போக்கில் ஒரு வழி விட்டுப் போயிருக்கிறான்: இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜோடி சேர்த்துப் பேசுவது. செலவு கிடையாது. இலக்கணம் அவ்வளவாகத் தேவையில்லை. எதிராளிக்கும் பாதிதான் புரியும் என்பதால் மாட்டிக்கொள்ளும் அபாயமும் குறைவு. அந்த வித்தையை முறையாகக் கற்க விரும்புகிறவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் ஒன்று. ஒற்றைச் சொல் உதவாது. 'ஸ்டேட்டஸ்' என்று மட்டும் சொன்னால் வாட்ஸ்அப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கப் போய்விடுவார்கள். முன்னால் ஒரு சொல் துணைக்கு வர வேண்டும்: சோஷியல், மேரிட்டல், லீகல், இமிகிரேஷன். 'ஸ்டாண்டிங்' கதையும் இதுதான். பஸ்ஸில் தனியாக வந்தால் உட்கார இடமில்லை என்று அர்த்தம். 'குட் ஸ்டாண்டிங்' என்று வந்தால் கிளப்புக்குச் சந்தா பாக்கி வைக்காத உறுப்பினர். 'லீகல் ஸ்டாண்டிங்' என்று வந்தால் கோர்ட் படியேற உரிமை உள்ளவர். பின்னால் நிற்கிற சொல் வெறும் நாற்காலி. யார் உட்காரலாம் என்று முடிவு செய்வது முன்னால் நிற்கிற சொல்தான்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. அந்தஸ்தை ஆங்கிலத்தில் 'கிராண்ட்' பண்ணுவார்கள், 'கன்ஃபர்' பண்ணுவார்கள். நீங்கள் அதை 'என்ஜாய்' பண்ணுவீர்கள். ஒருநாள் வந்து 'ஸ்ட்ரிப்' பண்ணிவிட்டுப் போவார்கள். கொடுப்பதும் உரிப்பதும் பெரும்பாலும் ஒரே அலுவலகம், ஒரே மேஜை; நடுவிலுள்ள என்ஜாய் மட்டும் நம் பங்கு. ஆகவே 'எனக்கு அந்தஸ்து இருக்கிறது' என்று ஒருபோதும் மார்தட்டாதீர்கள். யார் கொடுத்தது, எந்தத் தேதிவரை செல்லும் என்று கேட்டுவிடுவார்கள்.

பயிற்சிக்கு நல்ல களம் ஞாயிற்றுக்கிழமை 'மணமகள் தேவை' பக்கம். 'வெல் செட்டில்ட்' என்றால் சொந்த வீடு இருக்கிறது, கடன் எவ்வளவு பாக்கி என்று கேட்காதீர்கள் என்று அர்த்தம். 'ஸ்டேட்டஸ் ஃபேமிலி' என்றால் நகை எத்தனை பவுன் என்று வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிற, ஆனால் எதிர்பார்க்கிற குடும்பம். 'அப்பர் மிடில் கிளாஸ்' என்பது எல்லோருக்கும் பொருந்தும் சட்டை. கையில் ஐந்து ரூபாய் வைத்திருப்பவரும் ஐந்து கோடி வைத்திருப்பவரும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். தன்னை 'லோயர் மிடில் கிளாஸ்' என்று அறிமுகம் செய்துகொண்டு பெண் கேட்டு வந்த சம்பந்தியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தப் பக்கத்தின் மணிமகுடம் 'இன்னொசன்ட் டைவர்சி'. விவாகரத்து ஆனது, தப்பு அந்தப் பக்கம் என்று பொருள். பிரிந்த இருவரும் தனித்தனியே விளம்பரம் கொடுத்தால் இருவருமே இன்னொசன்ட். பாவம் முழுவதும் நீதிபதி தலையில். அதற்கும் மேலே ஒரு படி 'இஷ்யூலெஸ் டைவர்சி'. ஆங்கிலேயச் சட்டத்தில் 'இஷ்யூ' என்றால் பிள்ளைகுட்டி. நாலு வருஷம் குடும்ப நீதிமன்றத்துக்கு அலைந்து செருப்புத் தேய்ந்தவரும் குழந்தை இல்லையென்றால் இஷ்யூலெஸ்தான். இதைப் பிரச்சினை எதுவும் இல்லாமல் பிரிந்தவர் என்று பெண் வீட்டுப் பெரியப்பா புரிந்துகொண்டால் திருத்தாதீர்கள். பெரியவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும்.

மாப்பிள்ளை அமெரிக்காவில் என்றால் ஜோடிகளின் தரம் ஒரேயடியாக உயரும். 'இமிகிரேஷன் ஸ்டேட்டஸ்' என்ன என்று கேட்பது இன்று கோத்திரம் கேட்பதற்குச் சமம். அங்கே ஸ்டேட்டஸை 'மெயின்டெய்ன்' பண்ண வேண்டும், பழைய அம்பாசடர் காரை மெயின்டெய்ன் பண்ணுவதுபோல. ஹெச்1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் வேறு வழி பார்த்துக்கொள்ள அதிகபட்சம் 60 நாள். தவறினால் 'அவுட் ஆஃப் ஸ்டேட்டஸ்'. 'அட்ஜஸ்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்டஸ்' என்று கேள்விப்பட்டால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிற விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு மாறுவது அது. வேலை வழியாக வருடந்தோறும் கொடுக்கிற கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஏறத்தாழ 7 சதவீதம்தான் என்று வரம்பு வைத்திருப்பதால், இந்தியாவில் பிறந்தவர் பத்து வருஷத்துக்கு மேலும் வரிசையில் நிற்கிறார். அதற்குள் 'டிபென்டன்ட்' என்ற பெயரில் போன பிள்ளைக்கு 21 வயது முடிந்தால், சில விலக்குகள் போக, அவன் டிபென்டன்ட் இல்லை. அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே தனியாக ஒரு விசா தேடிக்கொள்ள வேண்டும். வரி கட்டும்போது மட்டும் எந்தத் தாமதமும் கிடையாது. நாட்களை எண்ணிக் கூட்டி, கணக்கு நிறைந்தால் 'ரெசிடென்ட் ஏலியன்', நிறையாவிட்டால் 'நான்-ரெசிடென்ட் ஏலியன்'. இதைச் சம்பந்தி வீட்டில் சொல்லாமல் இருப்பது உத்தமம். வேற்றுக்கிரகத்தானுக்குப் பெண் கொடுத்துவிட்டோமோ என்று அத்தை அழுதுவிடுவார்.

நம் ஊர் வருமான வரித்துறை இதற்குச் சளைத்ததில்லை. பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவருக்குக் கொஞ்ச காலம் 'ரெசிடென்ட் பட் நாட் ஆர்டினரிலி ரெசிடென்ட்' என்று ஒரு பட்டம் உண்டு. இருக்கிறார், ஆனால் சாதாரணமாக இருக்கவில்லை. ஊர் திரும்பிய என் நண்பர்கள் பலருக்கு இதைவிடப் பொருத்தமான வர்ணனை அமையாது. அமெரிக்கக் குடியுரிமையே வாங்கிவிட்டவருக்கு 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்று அட்டை கொடுப்பார்கள். அட்டையில் சிட்டிசன் உண்டு. ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஆனால் ஃபிரேம் போட்டு மாட்டினால் வருகிறவர்கள் ஓவர்சீஸையும் சிட்டிசனையும்தான் வாசிப்பார்கள்.

இனி எழுத்துப் பயிற்சி. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருவில் ஏதாவது ஒரு டைப்பிங் கடைக்குள் நுழைந்து பிரமாணப் பத்திரம் அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர், இன்னார் மகன், இந்து, 'ஏஜ்ட் அபௌட் 45 இயர்ஸ்', இன்ன விலாசம் என்று கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிற வார்ப்பில் ஊற்றிவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழைக் கையிலேயே வைத்திருந்தாலும் வயது 'சுமார்' 45தான். கோர்ட்டுக்கு முன்னால் யாருமே துல்லியமாகப் பிறந்ததில்லை. அடுத்து 'சாலம்ன்லி அஃபர்ம்', 'சின்சியர்லி ஸ்டேட்' என்று இரண்டு ஜோடி. சின்சியர்லி சேர்க்காமல் சொன்ன பொய் செல்லாது போலிருக்கிறது.

வாசகர் பெண்ணாக இருந்தால் பாடம் கொஞ்சம் கடினம். சட்டத்தில் 'நேச்சுரல் கார்டியன்' என்று அழகான ஒரு ஜோடி இருக்கிறது, இயற்கைப் பாதுகாவலர். பத்து மாதம் சுமந்தவர்தான் அது என்று இயற்கை நினைக்கும். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம் அப்படி நினைக்கவில்லை. தகப்பனார், 'ஆஃப்டர் ஹிம்' தாயார் என்று எழுதிவைத்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது, தகப்பனார் கையெழுத்து எங்கே என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1999-ல் தீர்ப்பு வந்தது. 'ஆஃப்டர்' என்றால் அவர் காலமான பிறகு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் இல்லாத இடத்தில், கவனிக்காத இடத்தில் என்றும் கொள்ளலாம் என்றார்கள். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கணவர் சுவரில் மாலையோடு தொங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் லாபம்.

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 'இன் தி நேச்சர் ஆஃப் மேரேஜ்' என்று ஒரு தொடர் கொடுத்திருக்கிறது, கல்யாணம் மாதிரி. மாதிரி என்றால் எவ்வளவு மாதிரி? 2010-ல் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வகுத்தது: ஊருக்கு முன்னால் கணவன் மனைவியாக நடந்திருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து இருந்திருக்க வேண்டும், கல்யாணம் செய்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், சனி ஞாயிறு மட்டும் சந்திப்பது சேராது. அதே தீர்ப்பில் பணம் கொடுத்து வைத்திருக்கும் பெண்ணைக் குறிக்க 'கீப்' என்ற சொல் வந்துவிட்டது. அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங், இந்த நூற்றாண்டில் இப்படி ஒரு சொல்லா என்று அந்த நீதிமன்றத்திலேயே ஆட்சேபித்தார். 2023-ல் அதே உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்கென்று ஒரு சொல் கையேடு வெளியிட்டது. அதன்படி அந்தக் 'கீப்' இனி, திருமணத்துக்கு வெளியே ஓர் ஆண் காதல் உறவோ பாலுறவோ கொண்ட பெண். நம் ஊரில் 'சின்ன வீடு' என்று முடித்துவிடுகிற சமாச்சாரம். விண்ணப்பக் கட்டத்துக்குள் அடங்காது என்பீர்கள். மரியாதை கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், கட்டத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

எதிராளியை மடக்க ஒரு லத்தீன் ஜோடி சொல்லித்தருகிறேன்: 'லோகஸ் ஸ்டாண்டை'. நிற்க இடம் என்று பொருள். அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டி பற்றி யாராவது வாய்திறந்தால் 'யூ ஹேவ் நோ லோகஸ்' என்று எழுந்து சொல்லிவிட்டு உட்காருங்கள். வாடகைக்கு இருப்பவர் என்றால் அடங்கிவிடுவார். வக்கீல் என்றால் 1981-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தளர்த்திப் பொதுநல வழக்குக்கு வாசல் திறந்துவிட்டதைச் சொல்லி மூன்று மணி நேரம் பேசுவார். முன்கூட்டியே ஆள் யாரென்று விசாரித்துக்கொள்ளவும்.

இந்த ஜோடி யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் பொறாமையாக இருக்கும். 1976-ல், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், பத்தூர் என்ற ஊரில் ஒரு கூலித் தொழிலாளி மண் தோண்டும்போது ஐம்பொன் சிலைகள் கிடைத்தன. அவற்றில் ஒரு நடராஜர். பழைய பாத்திரம்போலக் கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச்சேர்ந்தார். 1982-ல் ஒரு கனடா நிறுவனம் அவரைக் காசு கொடுத்து வாங்கியது. பராமரிப்புக்காக பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தபோது லண்டன் போலீஸ் பிடித்துவைத்தது. நல்ல எண்ணத்தோடு வாங்கினோம், சிலை எங்களுடையது என்றது நிறுவனம். எதிரே உரிமை கோரி நின்றவர்களைக் கவனியுங்கள்: இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, கோயிலின் தக்கார், அப்புறம் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோயில், அதற்குள்ளிருந்த சிவலிங்கம்.

கோயிலோ இடிந்து கிடந்தது. பூஜை இல்லை, படையல் இல்லை, விளக்கேற்ற ஆள் இல்லை. ஒரு வருஷ வருமானம் என்ன என்று எந்தத் தாசில்தாரும் சான்று கொடுக்க முடியாது. ஆனால் நம் சட்டப்படி தெய்வம் 'ஜூரிஸ்டிக் பெர்சன்'. சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். 1969-ல் உச்ச நீதிமன்றம் வருமான வரி விஷயத்தில் தெய்வத்தை 'இண்டிவிஜுவல்' என்றே கொள்ளலாம் என்றது. ஒரு சின்னக் குறை: உலகைப் படைத்துக் காத்து அழித்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் நிரந்தர மைனர்; சார்பில் ஒரு மேஜர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்குத்தான் தக்கார். லண்டன் நீதிபதிகள் யோசித்தார்கள். ஆங்கிலேயச் சட்டத்தில் கல்லும் கட்டடமும் வழக்காடுவதில்லை. ஆனால் கம்பெனி என்ற, கண்ணால் பார்க்க முடியாத ஒன்று தினமும் வந்து வழக்காடுகிறதே? இந்தியச் சட்டம் ஆள் என்று ஒப்புக்கொண்ட கோயிலை நாம் ஏன் வாசலில் நிறுத்த வேண்டும் என்று 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். விசா, ஸ்டேட்டஸ், அட்ஜஸ்ட்மென்ட் ஒன்றும் கேட்கவில்லை.

கல்லுக்கே கிடைத்ததே, ஆளுக்குக் கிடைக்காதா என்ற நப்பாசையில் இலங்கையில் ஹட்டன், நுவரெலியா பக்கம் போய்ப் பேசிவிடாதீர்கள். அங்கே இரண்டு ஜோடிகள் இருந்தன. 1948-ஆம் ஆண்டு 18-ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் பிரஜைகளை இரண்டு வகை ஆக்கியது: 'பை டிசென்ட்', 'பை ரெஜிஸ்ட்ரேஷன்'. வம்சாவளியாக ஒன்று, பதிவால் ஒன்று. வம்சாவளிக்கு என்ன வேண்டும்? அப்பா இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் தாத்தாவும் பூட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டும். கோப்பிக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு மன்னார் வழியாக நடந்துவந்த ஆளின் பிள்ளைக்கு, லயத்துக் காம்பராவில் ராத்திரி பிறந்த பிள்ளைக்கு, யார் சான்றிதழ் எழுதி டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள்? அதே ஆட்கள்தான் 1947 தேர்தலில் ஓட்டுப் போட்டு, இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியவர்கள். சௌமியமூர்த்தி தொண்டமானும் அதில் ஒருவர். ஓட்டுப் போட்ட மை காய்வதற்குள் ஜோடியின் முன்சொல்லை மாற்றிவிட்டார்கள்.

சரி, பதிவாவது உண்டா? 1949-ல் அதற்கென்று ஒரு சட்டம் வந்தது. மேரிட்டல் ஸ்டேட்டஸ் கல்யாணப் பக்கத்துக்கு மட்டுந்தான் என்று நினைத்தவர்கள் இங்கே நிறுத்திப் படிக்கவும்: மணமானவருக்குத் தொடர்ந்து 7 வருஷம் குடியிருந்த அத்தாட்சி, ஆகாதவருக்கு 10 வருஷம். நடுவில் ஒரு சாவுக்கோ சடங்குக்கோ திருச்சிப் பக்கம் போய்த் தங்கிவிட்டு வந்திருந்தால் 'தொடர்ந்து' என்பதில் வில்லங்கம். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டார்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, இவர்களுக்கு 'பெர்சன்ஸ் ஆஃப் இண்டியன் ஆரிஜின்' என்று பெயர் வைத்து, தேயிலைப் பெட்டியைப் பங்கு பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக வெட்டினார்கள். பேப்பரில் எங்கும் தசமம் வரவில்லை, குடும்பங்களில் வந்தது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கச்சி ஒரு நாட்டுக்கும் போனார்கள்.

அப்படி வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலை கிள்ளியவர்களுக்கு ஆங்கிலத்தில் 'ரிபேட்ரியட்', தமிழில் 'தாயகம் திரும்பியோர்'. பிறந்த ஊரை விட்டு, பார்த்தேயிராத ஊருக்கு வந்தவருக்கு இந்தப் பட்டம். அங்கே இருந்தவரை இந்தியாக்காரன், இங்கே இறங்கியதும் சிலோன்காரன். அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு நாடில்லை என்ற நிலை முழுதாகத் தீர 2003-ல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது. 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்த மற்ற இலங்கைத் தமிழருக்கு 'ரெஃப்யூஜி ஸ்டேட்டஸ்' கேட்கலாமே என்றால், 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. ஆகவே அந்த ஜோடிக்கு நம் சட்டப் புத்தகத்தில் நாற்காலி இல்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, பேரன் பேத்தி எடுத்தவர்களும் அதே விலாசத்தில்தான் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதியிலிருந்து கல்யாண மண்டபத்தில் பேசத் தக்க ஜோடி எதுவும் தேறாது. தாண்டிவிடுங்கள்.

'ஸ்டேட்டஸ் கோ' பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வரப்புத் தகராறு உள்ள எந்தக் கிராமத்திலும் இது புழங்கும். 'அவன் ஸ்டேட்டஸ்கோ வாங்கிட்டாம்பா' என்பார்கள், பஞ்சாயத்து டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே. இருந்தபடி இருக்கட்டும் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. எப்படி இருந்தது என்பதுதான் தகராறே என்பதால் இரு தரப்பும் வெற்றிபெற்றதாக வெடி போடலாம்.

கடைசியாக, மேற்கண்ட ஜோடிகளை மிதமிஞ்சிப் பயன்படுத்தி, யாரிடமாவது கையெழுத்தும் வாங்கி, விவகாரமாகி உள்ளே போக நேர்ந்தால் கலங்க வேண்டாம். தமிழ்நாட்டுச் சிறை விதிகளில் 'ஏ கிளாஸ்' உண்டு. குற்றம் என்ன என்பதோடு சமூக அந்தஸ்து, படிப்பு, சௌகரியமாக வாழ்ந்த பழக்கம் ஆகியவற்றையும் பார்த்துக் கொடுப்பது. கட்டிலும் நாற்காலியும் அதில் சேர்த்தி. வெளியே யாரும் ஏற்றுக்கொள்ளாத 'சோஷியல் ஸ்டேட்டஸை' உள்ளே மனுப்போட்டு வாங்கலாம் என்பது எவ்வளவு பெரிய வசதி! மனுவோடு பட்டச் சான்றிதழ், வருமான வரி கட்டிய தாள்கள், சொத்து வரி ரசீது எல்லாவற்றின் நகலையும் இணைத்துவிடுங்கள். அட்டெஸ்டேஷனை மட்டும் வெளியே இருக்கும்போதே முடித்துக்கொள்ளவும். உள்ளேயும் கெசட்டட் ஆபீசர்கள் கிடைக்கக்கூடும். அவர்களுடைய பச்சை மைப் பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.